பேஜ்மேக்கரிலிருந்து இன்டிசைனுக்கு: ஒரு குடமுழுக்கு மலரின் பக்க அமைப்பு

குடந்தை டிடிபிக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் 19 ஆண்டுகளாக டிடிபி நிலையம் நடத்தி வருகிறேன். திருமண அழைப்பிதழ், பில் புத்தகம், கோயில் பத்திரிகை, கூட்டுறவுச் சங்கங்களின் ஆண்டறிக்கை என்று வரும் வேலை எல்லாவற்றையும் இன்றுவரை பேஜ்மேக்கர் 7 என்னும் பழைய பக்க அமைப்பு மென்பொருளிலும் பழைய எழுத்துருக்களிலும்தான் முடித்துக் கொடுத்திருக்கிறேன். இப்போது அருகிலுள்ள ஊரின் கோயில் ஒன்றுக்குக் குடமுழுக்கு மலர் செய்யும் வாய்ப்பு வந்திருக்கிறது. கிரவுன் 1/4 அளவு, 192 பக்கம், ஆயிரம் பிரதிகள். தை மாதம் விழா என்பதால் கார்த்திகைக்குள் அச்சுக்குப் போக வேண்டும்.

கட்டுரைகள் சில பாமினி என்னும் பழைய எழுத்துருவிலும் சில வானவில் எழுத்துருவிலும் இருக்கின்றன. பெரும்பாலானவை வாட்ஸ்அப் வழியாக ஒருங்குறியில் (யூனிகோடு) வந்தவை. 1950களில் அச்சான தலபுராணச் சுருக்கம் ஒன்றையும் மறுபதிப்பாகச் சேர்க்கச் சொல்கிறார்கள். அச்சு முடிந்த பிறகு அதே மலரை மின்னூலாகவும் வெளியிட வேண்டும், அதில் சொற்களைத் தேட முடிய வேண்டும் என்பது விழாக் குழுவின் விருப்பம்.

பேஜ்மேக்கருக்கு ஒருங்குறி தெரியாது. எல்லாவற்றையும் பாமினிக்கு மாற்றிக்கொண்டு பழகிய வழியிலேயே முடிப்பதா, அடோபியின் புதிய பக்க அமைப்பு மென்பொருளான இன்டிசைனுக்கு மாறுவதா என்று தெரியவில்லை. சோதனையாக ஒரு கட்டுரையை இன்டிசைனில் வைத்துப் பார்த்தேன். ‘கோபுரம்’ என்ற சொல்லில் ‘க’ முதலில் வந்து, அதற்கு முன்னே நிற்க வேண்டிய கொம்பு பின்னே போய் நின்றது. அதைப் பார்த்ததும் தயக்கம் அதிகமாகிவிட்டது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

தஞ்சைப் பக்க வடிவமைப்பாளர்:

ஐயா, தயங்காமல் மாறுங்கள். தேடக்கூடிய மின்னூல் வேண்டும் என்று கேட்ட பிறகு பாமினியில் செய்வது இரட்டை வேலையாகவே முடியும். பேஜ்மேக்கர் 7 வெளிவந்தது 2001இல்; அதற்குப் பிறகு அந்த மென்பொருளுக்குப் புதிய பதிப்பே இல்லை.

நீங்கள் கண்ட கொம்புச் சிக்கலுக்குக் காரணம் எழுத்துரு அன்று. இன்டிசைனில் எழுத்துகளைக் கோத்து வரியாக்கும் பகுதிக்குக் கம்போசர் என்று பெயர். வழக்கமாக அமைந்திருக்கும் கம்போசர் ஐரோப்பிய மொழிகளுக்கு உரியது. அதற்குத் தமிழின் கொம்பை முன்னே தள்ளத் தெரியாது. பாரா ஸ்டைலில் (பத்திகளுக்குப் பொதுவாக வரையறுத்து வைக்கும் அமைப்பில்) ஜஸ்டிஃபிகேஷன் பகுதிக்குச் சென்று ‘அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். 2012இல் வந்த சிஎஸ்6 முதல் இந்திய மொழிகளுக்கான இந்த வசதி இருக்கிறது. பாரா பாராவாக மாற்றிக்கொண்டிருக்காமல், அடிப்படை ஸ்டைல் ஒன்றில் இதை வைத்து, மற்ற ஸ்டைல்கள் அனைத்தும் அதிலிருந்து பிறக்கும்படி அமைத்துவிட்டால் இந்தக் குறை மறுபடி தலைகாட்டாது.

ஆனால் உங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது வேறு. பக்கத்தைத் திறப்பதற்கு முன்பே உரையைச் சுத்தம் செய்துவிடுங்கள். நம்மில் பலர் உரையைப் பக்கத்தில் கொட்டிவிட்டு அங்கேயே திருத்தத் தொடங்குகிறோம். ஒவ்வொரு திருத்தத்திற்கும் வரி நகர்ந்து, படம் நகர்ந்து, பக்கம் கலைந்து, கடைசியில் பிழையும் மிஞ்சுகிறது. பாமினி, வானவில் கோப்புகளை என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் இட்டு ஒருங்குறியாக்கும்போது, இடையில் உள்ள ஆங்கிலச் சொற்களை முதலில் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன; ஆகவே மாற்றி ஆங்கிலத்தையும் தமிழ் என்று எண்ணிக் குழப்பிவிடும்.

அடுத்தது ‘ஔ’. ‘ஔவையார்’ என்பதை ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்து அடிப்பதும், ‘கௌரி’ என்பதைக் கொம்பு, ‘க’, ‘ள’ என்று அடிப்பதும் பழைய வழக்கம். தாளில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும், தேடும்போது கிடைக்காது. இதைச் சரிசெய்கிறேன் என்று ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழை இது. ‘கௌரி’யைத் திருத்தப் போய், ‘வெளியீடு’ என்ற சொல்லில் இருந்த கொம்பையும் ‘ள’வையும் சேர்த்து மாற்றிவிட்டேன். 120 பக்கம் அச்சாகி வந்த பிறகு, முதல் தாளிலேயே ‘வௌியீடு’ என்று ளகரத்தின் தலைமேல் தவறாக ஏறிய விசிறியைப் பார்த்த அந்த நாள் இன்னும் மனத்தில் நிற்கிறது. ஒவ்வொரு இடமாகப் பார்த்தே மாற்ற வேண்டும். கோயில் மலர் என்பதால் ‘ஸ்ரீ’யையும் கவனியுங்கள். ‘ஸ’வில் தொடங்கும் வடிவம், ‘ஶ’வில் தொடங்கும் வடிவம் என்று ஒருங்குறியில் இரண்டு வகையாக அது வரும். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் உருவம் ஒன்றே. எதையாவது ஒன்றை முடிவு செய்து நூல் முழுவதும் அதையே வையுங்கள்.

நாகை கட்டற்ற மென்பொருள் பயனர்:

இன்டிசைனுக்கான சந்தா எல்லோருக்கும் கட்டுப்படியாகாது என்பதால் ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். ஸ்கிரைபஸ் என்னும் கட்டற்ற மென்பொருளில் 2017இல் வந்த 1.5.3 பதிப்பு முதலே தமிழ் எழுத்துகள் சரியாகக் கோக்கப்படுகின்றன. 2024 தொடக்கத்தில் வந்த 1.6 நிலையான பதிப்பிலும் அந்த வசதி இருக்கிறது. நான்கு வண்ணப் பிரிப்பு, எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான அமைப்பைத் தாங்கும் மாஸ்டர் பக்கம், அச்சகத்திற்கு உரிய பிடிஎஃப் ஆகியவையும் அதில் உண்டு. பள்ளி ஆண்டு மலர் ஒன்றை முழுவதுமாக அதில் செய்திருக்கிறேன். ஆனால் அட்டவணையும் அடிக்குறிப்பும் மிகுந்த நூலுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றைக் கையாளும் வசதி இன்டிசைனில்தான் தேர்ந்தது. 192 பக்க மலரைக் குறித்த நாளில் முடிக்க வேண்டிய உங்களுக்கு முதல் முயற்சியாக அது வேண்டாம். அழைப்பிதழ், துண்டறிக்கை ஆகியவற்றில் கைபழகிய பிறகு பாருங்கள்.

குடந்தை டிடிபிக்காரர்:

இருவருக்கும் நன்றி. கம்போசரை மாற்றியதும் ‘கோபுரம்’ சரியாக நின்றது. உரையைச் சுத்தம் செய்யத் தொடங்கிவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. மலரில் தேவாரப் பதிகங்களும் பிற்காலத்து வெண்பாக்களும் ஏறத்தாழ 40 பக்கம் வருகின்றன. நீண்ட அடிகள் மடங்கும்போது எங்கே மடக்குவது? கட்டுரைப் பக்கங்களை இரட்டைப் பத்தியாக அமைத்தால் சொற்களுக்கு இடையே பெரிய இடைவெளி விழுகிறது. அதை எப்படித் தவிர்ப்பது?

திருவையாறு மெய்ப்பாளர்:

தம்பி, பாடல் பக்கத்தைப் பற்றி நான் சொல்கிறேன். பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பின் மெய்ப்புப் பார்த்து வருகிறேன். டிடிபியில் பாடல்கள் படும் பாட்டைப் பார்த்து வருந்தியதால்தான் இந்த வேலைக்கே வந்தேன் என்று சொல்லலாம்.

இடம் முடிந்த இடத்தில் அடியை மடக்குவது பாட்டை முறிப்பதாகும். சீரைப் பார்த்து மடக்க வேண்டும். அறுசீர் விருத்தமானால் மூன்று சீருக்குப் பின், எழுசீரானால் நான்கு சீருக்குப் பின், எண்சீரானால் நான்கு சீருக்குப் பின் மடக்கி, மீதியை அடுத்த வரியில் சற்று உள்ளே தள்ளி வையுங்கள். அப்படி அமைத்தால் பாடத் தெரிந்தவர் பக்கத்தைப் பார்த்தவுடனே சந்தத்தைப் பிடித்துக்கொள்வார். எல்லாப் பாடல்களுக்கும் ஒரே உள்தள்ளல் இருக்கட்டும். இடைவெளிப் பட்டையைத் தட்டித் தட்டி நகர்த்தாமல், ஸ்டைலில் அளவு குறித்துச் செய்யுங்கள். நேரிசை வெண்பாவில் இரண்டாம் அடியின் இறுதியில் வரும் தனிச்சொல்லுக்கு முன் ஒரு சிறு கோடு இடுவது மரபு. அந்தத் தனிச்சொல்லை இரண்டாம் அடியிலேயே நிறுத்த வேண்டும். மூன்றாம் அடிக்குத் தள்ளிவிட்டால் யாப்பே மாறிவிடும். ஒரு பாடலின் நான்கு அடிகள் இரண்டு பக்கங்களில் பிரியாதபடி ‘வரிகளைச் சேர்த்து வை’ என்னும் அமைப்பைப் பயன்படுத்துங்கள். அதனால் பக்கத்தின் அடியில் வெற்றிடம் விழுந்தால் விழட்டும்.

தலபுராணச் சுருக்கம் 1950களைச் சேர்ந்தது என்றீர்கள். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய நூல் என்பதால் ‘ணை’, ‘லை’, ‘ளை’, ‘னை’ ஆகியவை துதிக்கை வடிவிலும், ‘ணா’, ‘றா’, ‘னா’ ஆகியவை சுழித்த வடிவிலும் இருக்கும். ஸ்கேன் செய்து மென்பொருள் கொண்டு எழுத்தாக்கினால் இந்த ஏழு எழுத்துகளில்தான் அது அதிகம் தடுமாறும். கணினியில் பார்த்துத் திருத்துவதோடு நிறுத்தாமல், ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க மற்றவர் படியைப் பார்த்து வரட்டும். முன்பு அச்சகங்களில் மெய்ப்புப் பார்த்த முறை அதுதான். அதைவிடச் சிறந்த முறை ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை.

எழுத்தின் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் தரங்கம்பாடியில் கிறித்தவ சமயப் பணிக்கு வந்த சீகன்பால்கும் அவருடன் இருந்தவர்களும் அச்சகம் தொடங்கியபோது, ஜெர்மனியின் ஹால்லே நகரிலிருந்து வார்த்து வந்த தமிழ் அச்சுகள் உருவில் பெரியவையாக இருந்தன. அந்த அளவில் அச்சிட்டால் தாள் மிகுதியாகச் செலவாகும் என்று சிறிய அச்சுகளை இங்கேயே வார்த்தார்கள். தமிழில் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. எழுத்தின் அளவும் தாளின் செலவும் அன்றைக்கே மோதிக்கொண்டவை. ஆனால் உங்கள் மலரைப் படிக்கப் போகிறவர்களில் பலர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். பக்கத்தைக் குறைப்பதற்காக எழுத்தை 10 புள்ளிக்கு (பாயின்ட்) இறக்கிவிடாதீர்கள்.

தஞ்சைப் பக்க வடிவமைப்பாளர்:

மெய்ப்பாளர் ஐயா சொன்னதிலிருந்தே இரண்டாம் கேள்விக்கு வருகிறேன்.

கிரவுன் 1/4 நூல் வெட்டிய பிறகு 7.25 அங்குல அகலமும் 9.5 அங்குல உயரமும் இருக்கும். உள் ஓரம், வெளி ஓரம் போக 5.75 அங்குலம் மிஞ்சும் என்று வையுங்கள். அதை இரட்டைப் பத்தியாக்கினால் ஒவ்வொன்றும் 2.75 அங்குலம், 11 புள்ளியில் வரிக்கு 22 எழுத்துகள் அளவில் கொள்ளும், அதாவது மூன்று சொற்கள். ‘திருப்பணிக்குழுவினரால்’ போன்ற ஒரு சொல் அடுத்த வரிக்குப் போனால், மிஞ்சிய இரண்டு சொற்களையும் இழுத்து இரு ஓரத்திலும் நிறுத்த வேண்டிவரும். இடையில் பள்ளம் விழாமல் என்ன செய்யும்? ஆங்கில இதழ்களைப் பார்த்துப் பழகிய பத்தி அகலம் தமிழுக்குப் பொருந்துவதில்லை. நம் சொற்கள் ஒட்டி ஒட்டி நீள்பவை. ஆகவே கட்டுரைகளை ஒற்றைப் பத்தியாகவே அமையுங்கள். 12 புள்ளியில் வரிக்கு 40 எழுத்துகளுக்குமேல் கொள்ளும். கண்ணுக்கு இதமான நீளம் அது.

சொல்லை உடைப்பதும் தேவைப்படும். தமிழில் வரியின் இறுதியில் சிறுகோடு இல்லாமலே சொல்லை உடைத்து அச்சிட்ட மரபு நமக்கு இருக்கிறது. இன்டிசைனில் ‘டிஸ்கிரெஷனரி லைன் பிரேக்’ என்று கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று உண்டு. அதை இட்ட இடத்தில் சிறுகோடு இல்லாமல் சொல் உடையும். நீளமான சொற்களில் மட்டும் அதை இடுங்கள். புள்ளி வைத்த எழுத்து வரியின் முதலில் வந்து நிற்கக் கூடாது; சொல்லின் முதலிலும் இறுதியிலும் குறைந்தது இரண்டு எழுத்துகளாவது சேர்ந்திருக்க வேண்டும். ‘திருப்/பணிக்/குழு/வினரால்’ என்று பொருளோடு ஒட்டி உடைந்தால் படிப்பவருக்கு உறுத்தாது. ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் உடைக்காதீர்கள். மின்னூலுக்கான படியில் இந்தக் குறிகளை நீக்கிவிட வேண்டும். இல்லையேல் தேடல் மறுபடி கெடும்.

பேஜ்மேக்கரில் நாம் பட்ட தொல்லையை ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய எழுத்துருவில் கொம்பு தனி எழுத்து என்பதால், ‘கொடையாளர்’ என்ற சொல்லை உடைக்கப் போனால் கொம்பு மட்டும் வரியின் கடைசியில் தொங்கும், ‘காடையாளர்’ அடுத்த வரியில் தொடங்கும். எழுத்து இடைவெளியைக் கொஞ்சம் தளர்த்தினாலும் கொம்புக்கும் ‘க’வுக்கும் காலுக்கும் நடுவே சந்து விழும். ஒருங்குறியில் ‘கொ’ என்பது பிரியாத ஓரெழுத்தாகவே நடத்தப்படும்.

வரிக்கும் வரிக்கும் இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். மேலே ‘கீ’, ‘தீ’ ஆகியவற்றின் சுழிகளும் கீழே ‘ழூ’, ‘ணு’ ஆகியவற்றின் வால்களும் நீள்வதால், தமிழுக்கு எழுத்தளவின் 120 விழுக்காடு போதாது. 12 புள்ளிக்கு 16.5 அல்லது 17 வைத்து, அந்த அளவையே வரிகள் உட்காரும் கோட்டு வலையான பேஸ்லைன் கிரிட்டாகக் கொண்டால், எதிரெதிர்ப் பக்கங்களின் வரிகள் நேராக நிற்கும். தாளின் மறுபக்கத்து வரியும் அதே இடத்தில் விழுவதால், மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிவதும் குறையும்.

மாயவரத்து அச்சகத்தார்:

இவ்வளவும் சரியாகச் செய்த கோப்பு அச்சகத்திற்கு வந்து கெடுவதை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். ஆகவே என் பங்குக்கும் எழுதுகிறேன்.

முதல் செய்தி, கறுப்பு. வேர்டிலிருந்தோ கோரல் டிராவிலிருந்தோ எடுத்து ஒட்டிய உரை, பல நேரங்களில் திரைக்குரிய ஆர்ஜிபி நிறத்திலேயே இருக்கும். பிடிஎஃப் ஆகும்போது அந்தக் கறுப்பு நான்கு வண்ணங்களாகப் பிரிந்துவிடும். வண்ணத்திற்கு ஒன்றான நான்கு அச்சுத் தகடுகளும் (பிளேட்) மயிரிழை பிசகாமல் விழுந்தால்தான் எழுத்து கூர்மையாக இருக்கும். தாள் சற்று நகர்ந்தாலும் ‘ஞ’, ‘இ’, ‘ண’ ஆகியவற்றின் சுழிகள் நிறத்தால் அடைந்துபோகும். போன ஆண்டு ஒரு வாடிக்கையாளரின் பதிகப் புத்தகம் இப்படித்தான் ஆயிற்று. லூப் என்னும் உருப்பெருக்கி வைத்துப் பார்த்தபோது ஒவ்வொரு எழுத்தின் இடப்புறமும் சிவப்பு, வலப்புறமும் நீலம் கசிந்திருந்தது. கோப்பை வாங்கியவுடன் வண்ணப் பிரிப்பைத் திறந்து பார்க்காமல் பிளேட் எடுத்தது எங்கள் தவறும்தான். உரை நூறு விழுக்காடு கறுப்பு மட்டுமே என்று ஸ்வாட்ச் என்னும் நிறப்பட்டியலில் உறுதி செய்து, அடியிலுள்ள நிறத்தின்மேலேயே அச்சாகும் ஓவர்பிரின்ட் நிலையில் வையுங்கள். அனுப்புவதற்கு முன் ‘செபரேஷன்ஸ் பிரிவியூ’வில் கறுப்பை மட்டும் அணைத்துப் பாருங்கள், உரை முழுவதும் மறைய வேண்டும். ஏதாவது எழுத்து மிஞ்சினால் அங்கேதான் சிக்கல்.

இரண்டாவது, மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் நம் பகுதியில் காற்றிலேயே ஈரம் நிற்கும். மேப்லித்தோ என்னும் புத்தகத் தாள் அந்த ஈரத்தைக் குடித்து, நார் ஓடும் திசைக்குக் குறுக்காக விரியும். காலையில் முதல் வண்ணம் ஓட்டிய தாளில் மாலையில் அடுத்த வண்ணம் ஓட்டினால் இரண்டும் ஒட்டி வராது. தாளைப் பிரித்து இயந்திர அறையிலேயே ஒரு நாள் வைத்திருந்து ஓட்டுகிறோம். ஆனாலும் வடிவமைப்பிலேயே அதற்கு இடம் கொடுத்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. வண்ணப் பின்னணியில் மெல்லிய வெள்ளை எழுத்து வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமானால் தடித்த எழுத்தாகவும் 14 புள்ளிக்குக் குறையாமலும் இருக்கட்டும். மையும் இந்தப் பருவத்தில் மெதுவாகத்தான் காயும். ஆகவே முழுப் பக்கத்தையும் அடர்ந்த வண்ணத்தால் நிரப்பாதீர்கள். அடுக்கி வைத்த தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

192 பக்கம் என்பது 16 பக்கப் பாரமாகச் சரியாக 12 பாரம். 20க்கு 30 அங்குலத் தாளில் இருபுறமும் ஓட்டினால் ஒரு பாரம். கடைசி நேரத்தில் இரண்டு பக்கம் கூட்டாதீர்கள். வண்ணப் படங்களைச் சிதறவிடாமல் ஒரே பாரத்தில் சேர்த்துவிட்டால், அந்த ஒன்றை மட்டும் ஆர்ட் தாளில் நான்கு வண்ணமாக ஓட்டி, மீதிப் பதினொன்றையும் கறுப்பில் முடிக்கலாம். செலவு பெரிதும் குறையும். முதுகில் பசை ஒட்டிக் கட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங் என்றால் உள் ஓரம் முக்கால் அங்குலத்திற்குக் குறையக் கூடாது. ஓரம் வரை ஓடும் படத்திற்குச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம்) விடுங்கள்.

படங்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் நீள்பக்கத்தில் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். அங்குலத்திற்கு 300 பிக்சல் (300 டிபிஐ) கணக்கில் அது 5.3 அங்குலத்திற்குத்தான் தாங்கும். ராஜகோபுரத்தை முழுப் பக்கத்திற்கு வைக்க எண்ணினால், அந்தப் படத்தை மட்டுமாவது ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

குடந்தை டிடிபிக்காரர்:

பத்து நாள்களாக நீங்கள் சொன்னபடியே செய்து வந்திருக்கிறேன். உரை முழுவதும் ஒருங்குறிக்கு வந்துவிட்டது. தலபுராணத்தை என் மனைவி உரக்கப் படிக்க நான் திருத்தினேன். 18 பக்கத்திற்கு இரண்டு மாலைகள் ஆயின. ‘துணை’ என்று இருக்க வேண்டிய இடம் ஒன்றில் ‘துளை’ என்று வந்திருந்தது. கணினித் திரையில் அதே பக்கத்தை மூன்று முறை பார்த்தும் என் கண்ணில் படாத பிழை அது. முதல் மூன்று பாரங்களின் படியை எடுத்துக் குழுவினரிடம் காட்டியபோது, பெரியவர் ஒருவர் கண்ணாடி போடாமலே ஒரு பதிகத்தைப் படித்து முடித்தார்.

இன்னும் ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. சோழ நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள், வடகரை 63, தென்கரை 127 ஆக 190 தலங்களின் அட்டவணை எட்டுப் பக்கம் வருகிறது; அதன் பின் உபயதாரர் பட்டியல் ஒன்பது பக்கம். இரண்டிலும் சில பெயர்கள் மிக நீளம். எழுத்தைச் சிறிதாக்கினால் குழுவினர் ஒப்பமாட்டார்கள்.

தஞ்சைப் பக்க வடிவமைப்பாளர்:

எழுத்தைச் சிறிதாக்க வேண்டாம். தல அட்டவணையில் நிற்கும் கோடுகள் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் இருபுறமும் விட்ட இடம் திரும்பக் கிடைக்கும். படுக்கைக் கோடு ஐந்து தலங்களுக்கு ஒன்று போதும். வரிசை எண்ணை வலப்பக்கம் ஒட்டியும், தலப்பெயரை இடப்பக்கம் ஒட்டியும் வையுங்கள். நீண்ட பெயர் இரண்டாம் வரிக்கு மடங்கட்டும். மடங்கிய வரி அரை எழுத்து உள்ளே நிற்கட்டும்.

உபயதாரர் பட்டியலில் பெயர் இடப்பக்கம், தொகை வலப்பக்கம், நடுவே டாப் (Tab) கட்டளையால் வரும் புள்ளிக்கோடு. புள்ளிகளைக் கையால் தட்டாதீர்கள். பெயருக்கு முன் உள்ள தலைப்பெழுத்து வரியின் இறுதியில் தனித்து நின்றுவிடாமல், இடையில் உடையாத இடைவெளியை இடுங்கள். தொகையின் இலக்கங்கள் நேர்க்கோட்டில் நிற்க, எல்லா இலக்கங்களுக்கும் ஒரே அகலம் உள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். மாற்றம் கேட்டுக் கடைசி நாள் வரை ஆள் வருவது இந்தப் பகுதிக்குத்தான். ஆகவே அதை நூலின் இறுதிப் பாரத்தில் தனிக் கோப்பாக வைத்துக்கொண்டு, மற்றப் பதினொரு பாரங்களையும் இப்போதே பிளேட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.